உயிலும் வாரிசும் காப்பாளரும்

சொத்தைப் பற்றிச் சட்டம் அறிந்த ஒருவரிடம் பேசப் போகும் வேளை நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பிந்தியே வருகிறது. இருதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரத்திலோ, மருமகள்களுக்கிடையே மனஸ்தாபம் முற்றி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியத் தொடங்கிய பிறகோ, பெரியவர் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தரிடம் போய் அமர்கிறார். பூர்ண நினைவுடனும், பிறருடைய தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றியும், மனப்பூர்வமாக எழுதிவைக்கும் உயில் சாசனம் என்று தொடங்கும் மூன்று பக்கங்கள் கம்ப்யூட்டரில் முன்பே தயாராக இருக்கின்றன. பெயரும் சர்வே எண்ணும் நான்கெல்லையும் மாற வேண்டியதுதான் பாக்கி. எழுத்தரின் உதவியாளர் ஒருவரும் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் ஒருவனும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரியவர் பாரம் இறங்கிய நிம்மதியோடு வீடு திரும்புகிறார்.

அந்த நிம்மதியில் பாதிதான் நியாயமானது. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை எழுதித் தருவது சட்ட உதவியில் எளிய பகுதி. எழுத்தறிந்தவர் எவரும் அதைச் செய்யலாம், முத்திரைத்தாள்கூட வேண்டியதில்லை. எழுதியவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின் அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று நியாயஸ்தலத்தில் நின்று சொல்லப்போகிறவர் யார் என்பதும், கொடுத்ததைத் தானே ஆளும் வயதோ சக்தியோ இல்லாத வாரிசுக்கு யார் துணை என்பதுமே கடினமான பகுதிகள். இவ்விரண்டு வினாக்களையும் எழுத்தரும் கேட்பதில்லை, கட்சிக்காரரும் கேட்பதில்லை. பல வேளைகளில், சொல்லக் கூச்சமாயிருப்பினும், வழக்கறிஞரும் கேட்பதில்லை.

உயில் என்ற கருவியே நம் தர்ம சாஸ்திரங்கள் அறியாதது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மறைந்தால் அவருடைய பாகம் பிழைத்திருப்பவர்களைச் சேரும் என்ற ஏற்பாட்டில், இறந்தவரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. சென்னை ராஜதானியிலிருந்து சென்ற வழக்கொன்றில் 1856-ல் லண்டன் பிரிவி கவுன்சில், பழைய இந்து தர்மத்தில் ஆங்கிலேயர் கருதும் பொருளில் இத்தகைய சாசனம் இருந்ததில்லை என்று ஒப்புக்கொண்டே, அதன் பலனைத் தரும் ஏற்பாடுகள் விலக்கப்பட்டவையல்ல என்று கூறி வழியைத் திறந்தது. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம், வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் எழுத்தும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்று விதித்தது. ஆனால் அந்நகரங்களின் எல்லைக்கு வெளியே, 1926 முடியும்வரை, ஓர் இந்து வாயால் சொல்லிவிட்டுப் போனதும் உயிலாகச் செல்லுபடியாயிற்று. 1927 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் எல்லா இந்துக்களின் உயிலுக்கும் எழுத்து அவசியமாயிற்று.

புதிதாகக் கிடைத்த இந்த உரிமையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று பார்த்தவர்களில் கல்கத்தாவின் பிரசன்ன குமார் டாகுர் முதன்மையானவர். தேர்ந்த வழக்கறிஞர், பெரும் ஜமீன்தார். அவருடைய ஒரே மகன் ஞானேந்திர மோகன் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியதால் மனம் கசந்து, மகனுக்கு ஒன்றும் சேராதபடியும், சொத்தின் பெரும்பகுதி தம் உறவினர் ஜதீந்திர மோகனுக்கும் அவர் வழியில் இன்னும் பிறவாத ஆண்மக்களுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகச் செல்லும்படியும் விரிவான உயில் எழுதிவைத்து 1868-ல் காலமானார். பிரிவி கவுன்சில் 1872-ல் தந்த தீர்ப்பு, இந்து சட்டம் அறியாத ஒரு பரம்பரை வரிசையைத் தனிமனிதர் எவரும் தம் உயிலால் சிருஷ்டிக்க முடியாது என்றும், பிறவாதவருக்குக் கொடுத்தது கொடுத்ததாகாது என்றும் கூறியது. ஜதீந்திர மோகனின் ஆயுட்கால அனுபோகத்துக்குப் பிறகு, எந்த வாரிசை ஒதுக்குவதற்காக அந்த உயில் எழுதப்பட்டதோ அந்த வாரிசின் பக்கமே சொத்து திரும்பிற்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற டாகுர் சட்டச் சொற்பொழிவுகளுக்கு மூலதனம் தந்ததும் இதே உயில்தான் என்பதை நினைக்கும்போது, சட்டத்தை ஊருக்கெல்லாம் போதிக்க நிதி வைத்த சாசனம் சட்டத்தின் முன்னால் தானே தடுமாறிய விசித்திரத்தைக் கண்டு புன்னகை செய்யாமல் இருக்க முடியவில்லை. பிறவாதவருக்குக் கொடுக்கும் உரிமையைப் பின்னர் 1914-ல் சென்னை மாகாணம் தனிச்சட்டமியற்றி வழங்கிற்று.

டாகுர் கண்ட தடை இன்று வேறு உருவில் ஒவ்வொரு ஊரிலும் நிற்கிறது. தமக்கு உரியதல்லாததை எழுதிவைப்பதே அது. தாத்தா வழியில் வந்த பூர்வீக வீட்டை முழுவதும் தம்முடையதாகவே பாவித்து, மகள்களுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, மகன்களுக்கு மட்டும் எழுதிவைக்கும் தகப்பனார்கள் இன்னும் குறையவில்லை. தமிழ்நாடு 1989-லேயே மணமாகாத மகளைப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்காளி ஆக்கியது. மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான மகளையும் அந்த வரிசையில் சேர்த்தது. அத்திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்பதில்லை, அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. ஆகவே அந்த வீட்டில் தகப்பனார் உயிலால் கொடுக்கக் கூடியது அவருடைய ஒரு பங்கு மட்டுமே. அழகாக எழுதிப் பதிவும் செய்த உயில், பாகப்பிரிவினை வழக்கில் மகள் காட்டும் மூலப் பத்திரத்தின் முன் பாதியாகச் சுருங்கிப்போவது இதனால்தான். கட்சிக்காரர் கொண்டுவரும் பட்டாவை மட்டும் பார்க்காமல் மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் படிக்கும் வழக்கறிஞர், உயில் எழுதுவதற்கு முன்பே அதன் பாதி வழக்கை நடத்தி முடித்தவர் ஆகிறார்.

உயிலே எழுதாமல் போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சட்டம் தானே எழுதிவைத்திருக்கும் உயில் ஒன்று எல்லாருக்கும் இருக்கிறது. அதன் வாசகம் பலருக்குத் தெரியாததே குறை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறக்கும் ஓர் இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயாருக்கும் சரிபங்கு உண்டு. இளவயதில் கணவனை இழந்த பெண், வீடு தனக்கும் குழந்தைகளுக்குமே என்று எண்ணியிருக்க, மாமியாரின் பங்கு நடுவில் வருகிறது. பின்னர் அந்த அம்மையார் காலமாகும்போது, அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளின் கையிலும் சிதறுகிறது.

பெண்ணின் சொத்துக்கான விதி இதனினும் கடுமையானது. பிள்ளைகளும் கணவனும் இல்லாத பெண் உயிலின்றி இறந்தால், அவளே சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவனுடைய வாரிசுகளுக்கும், அவர்கள் இல்லாவிட்டால்தான் அவளைப் பெற்றவர்களுக்கும் போகும். மணமான மூன்று மாதங்களுக்குள் பாம்பு கடித்துக் கணவன் இறக்க, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்த படிப்பால் உத்தியோகம் தேடி, நாற்பது ஆண்டுகள் தன் காலில் நின்று 1996-ல் மறைந்த ஒரு பெண்மணியின் சேமிப்பும் வைப்புநிதியும், அவளை வெளியேற்றிய அதே குடும்பத்தாருக்கே உரியவை என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் தெளிவாயிருக்கையில் அனுதாபத்துக்கு இடமில்லை என்ற அத்தீர்ப்பைக் குறை கூறுவதைவிட, நான்கு வரியில் ஓர் உயில் எழுதும்படி அந்தப் பெண்மணிக்குச் சொல்ல அவளைச் சுற்றி ஒருவரும் இல்லாமல் போனதையே குறையாக நான் கருதுகிறேன். உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு, அதிலும் தனித்து வாழ்கிறவர்களுக்கு, உயில் முதுமைக்குரிய காரியமே அல்ல.

இஸ்லாமியருக்கு விதி வேறு. ஈமச்செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுப்பதற்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாயால் சொன்னாலும் அது உயிலாகும். கிறிஸ்தவருக்குத் திருமணம் நடந்தால் அதற்கு முன் எழுதிய உயில் தானே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அவ்வாறு இல்லை. கிறிஸ்தவர் தர்ம காரியங்களுக்குச் சொத்து எழுதிவைப்பதற்கு இருந்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2003-ல் செல்லாதென அறிவித்துவிட்டது.

இனி சாட்சிகளிடம் வருவோம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது மிகச் சிறிது: எழுதியவர் கையொப்பமிட வேண்டும்; இரண்டு சாட்சிகளில் ஒவ்வொருவரும் அவர் கையொப்பமிட்டதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம் கையொப்பமே என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும்; ஒவ்வொருவரும் எழுதியவரின் முன்னிலையில் தாம் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே வேளையில் இருக்க வேண்டுமென்றுகூட இல்லை. ஆனால் இந்தச் சிறியதை நிரூபிக்கும் பாரம் பெரிது. சாட்சிகளில் ஒருவரேனும் உயிரோடிருந்து அழைக்கக் கூடியவராயிருந்தால், அவரை விசாரிக்காமல் உயிலை ஆதாரமாக ஏற்க முடியாது. வருகிற ஒரு சாட்சி தம் கையெழுத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் போதாது, மற்றவரும் முறைப்படி கையொப்பமிட்டார் என்பதையும் அவர் வாய் சொல்ல வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் இத்தகைய சாட்சியம் பெரும்பாலும் மாஸ்டர் எனப்படும் நீதிமன்ற அதிகாரியின் முன்னிலையில் பதிவாகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் சிநேகிதருக்காகக் கையெழுத்திட்ட முதியவர், பிரமாணம் எடுத்துக்கொண்டு பெட்டியில் நிற்கிறார். காலையா மாலையா? வீட்டிலா ஆஸ்பத்திரியிலா? உயிலை யார் வாசித்துக் காட்டினார்கள்? எழுதியவர் கண்ணாடி போட்டிருந்தாரா? முதலில் கையெழுத்திட்டவர் நீரா, மற்றவரா? நீர் எழுதும்போது அவர் உம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? நான்காவது கேள்விக்கு "ஞாபகமில்லை" என்கிறார். ஆறாவதற்கு "அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் "அப்படித்தான் இருக்கும்" என்பது சாட்சியமும் ஆகவில்லை. இந்த நிலையில் ஜெராக்ஸ் கடைப் பையனை எங்கே தேடுவது என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடலாம். சாட்சிகள் இருவரும் மறைந்துபோனால் சட்டம் கையை விரித்துவிடுவதில்லை. ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டக் கூடியவர் வந்தால் போதும். அதற்காவது அவர்கள் கையெழுத்தை அறிந்தவர்கள் ஊரில் இருக்க வேண்டுமே! எழுதியவரைவிட இளையவராய், உறவின் லாப நஷ்டத்தில் சம்பந்தப்படாதவராய், விலாசம் மாறினாலும் கண்டுபிடிக்கக் கூடியவராய் உள்ளவர்களைச் சாட்சியாகத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வழக்கறிஞர் செலவிடும் அரைமணி நேரம், வாசகத்தைச் செப்பனிடுவதில் செலவிடும் இரண்டு நாட்களைவிடப் பயனுள்ளது. குடும்ப மருத்துவர் சாட்சியாக வந்தால் மனத்தெளிவு பற்றிய கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மைசூர்ப் பிரதேசத்து வழக்கொன்றில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதி 1958-ல் வெளிவந்த வெங்கடாசல ஐயங்கார் தீர்ப்பு இன்றும் இத்துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. எழுதியவர் வந்து தம் கையெழுத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியாத ஒரே ஆவணம் உயில். ஆகவே சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் எவையேனும் இருந்தால் அவற்றை அகற்றும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்பது அத்தீர்ப்பின் சாரம். நடுங்கும் கையெழுத்து, காரணம் கூறாமல் மனைவியை விட்டுவிடுவது, பெரும்பங்கு பெறுகிறவரே எழுதுவதை முன்னின்று நடத்துவது ஆகியவையெல்லாம் அந்தச் சூழ்நிலைகள். பதிவு செய்துவிட்டால் இந்தச் சந்தேகங்கள் தீர்ந்துபோம் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று, நல்ல பழக்கந்தான். ஆயினும் பதிவு சாட்சியத்துக்கு ஈடாகாது. சார்பதிவாளரின் முத்திரை இரண்டாவது சாட்சியாகத் தானே மாறிவிடாது. இரகசியமாயிருக்க வேண்டுமானால் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவைக்கும் வசதியைப் பதிவுச் சட்டம் 1908 முதலே தந்திருக்கிறது; அதைப் பயன்படுத்துவோர் அரிது. ஒரு மகனை ஒதுக்குவதாயிருந்தால் காரணத்தை உயிலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம். வசைபாடுவதற்கு அது இடமல்ல.

புரோபேட்டு எனப்படும் நிரூபணச் சான்று நம் மாநிலத்துக்குள்ளேயே இரண்டு விதமாக இருந்தது ஒரு வேடிக்கை. 1870-ஆம் ஆண்டில் வரைந்த எல்லைக்கோடு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குடியேறி, சென்னை உயர்நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் ஓர் இந்து எழுதிய உயிலுக்கோ, வேறெங்கு எழுதினாலும் அந்த எல்லைக்குள் உள்ள வீடு நிலத்தைப் பற்றிய உயிலுக்கோ புரோபேட்டு பெறாமல் உரிமையை நியாயஸ்தலத்தில் நிலைநாட்ட முடியாது என்று 213-ஆம் பிரிவு விதித்திருந்தது. மயிலாப்பூரில் வீடு வைத்திருந்த திருச்சிக்காரரின் மகன் சென்னைக்கு வந்து மனுப்போட வேண்டியிருந்தது. தாம்பரத்தில் வீடு வைத்திருந்தவரின் மகனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. மதுரை, கோவைக்காரர்களுக்கு அந்தச் சொல்லே அந்நியம். இந்தியக் கிறிஸ்தவர்கள் 2002-ல் இதிலிருந்து விடுபட்டார்கள். கடைசியில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கியது.

கட்டாயம் போயிற்று என்பதால் தேவையும் போய்விட்டதாகக் கொள்ளக்கூடாது. புரோபேட்டு என்பது உயில் மெய்யானது என்று உலகம் முழுவதற்கும் எதிராக நிற்கும் தீர்ப்பு. வங்கியும் வீடு வாங்குபவரும் கம்பெனியும் அதன்பின் கேள்வி கேட்பதற்கு இடமில்லை. அது இல்லையேல், ஒவ்வொரு வழக்கிலும் ஒவ்வொரு எதிராளியிடமும் அதே உயிலை மறுபடி மறுபடி நிரூபிக்க நேரலாம். நிறைவேற்றுநர் ஒருவரை உயிலில் குறித்திருந்தால் அவர் புரோபேட்டு கேட்கலாம். குறிக்காமல் விட்டிருந்தால், பயனடைபவர் உயிலை இணைத்த நிர்வாக அதிகாரப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். வாரிசுகளுக்கு அறிவிப்புப் போகும். பத்திரிகையில் விளம்பரம் வரும். எவரேனும் கேவியட் போட்டு ஆட்சேபித்தால், சாதாரண மனுவாயிருந்தது உயில் வழக்காக மாறி, விசாரணை ஆண்டுக்கணக்கில் நீளும். அவ்வளவு நீண்ட விசாரணையும் உயில் உண்மையா என்பதை மட்டுமே தீர்மானிக்கும். சொத்து எழுதியவருடையதா என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் தொடுவதில்லை. இந்தப் பேதத்தைக் கட்சிக்காரருக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், ஜெயித்தும் வீடு கைக்கு வராத ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

புரோபேட்டு என்று நினைத்துக்கொண்டு மக்கள் கையில் வைத்திருக்கும் வேறு காகிதங்கள் உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், உறவு இன்னது என்று காட்டுமேயன்றிப் பங்கு இன்னது என்று தீர்மானிக்காது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ், வரவேண்டிய கடன்களுக்கும் பங்குப் பத்திரங்களுக்குமே செல்லும். வீடு நிலத்துக்குச் செல்லாது. இவற்றினும் அதிகக் குழப்பம் விளைவிப்பது நாமினி நியமனம். வங்கிப் படிவத்தில் மூத்த மகன் பெயரை எழுதிவிட்டதால் பணம் அவனுக்கே என்று அவனும் நினைக்கிறான், மற்றவர்களும் நினைக்கிறார்கள். பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டிய கை அவனுடையது, அவ்வளவே. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1983-லும் கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023-லும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸில் மட்டும், பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக்கினால் அவர்களுக்கே தொகை உரிமையாகும் என்று 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம் என்றாகியிருப்பதால் குழப்பமும் நான்கு மடங்காகாமல் இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் கேட்டு அலுத்த பெரியவர், இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்பார். நிரூபணத் தொல்லை அதில் இல்லை என்பது மெய். ஆனால் உயிலைச் சாகும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், செட்டில்மெண்ட் பத்திரத்தையோ பதிவானபின் நினைத்தபடி ரத்து செய்ய இயலாது. சொத்தைப் பெற்றுக்கொண்ட பிள்ளை சோறு போட மறுத்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-ல் கண்டிப்பாகப் பேசிய உச்ச நீதிமன்றம், 2025-ல் சட்டத்தின் நோக்கத்தைக் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. நீதிமன்றத்தின் தாராளத்தை நம்பி இருப்பதைவிட, பராமரிப்பு நிபந்தனையையும் தம் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்தில் எழுதச் சொல்வது மேல். பிள்ளை மனம் நோகுமே என்று அந்த வரியை விட்டுவிடும் தாய்மார்கள் அநேகர். வழக்கறிஞர் பிடிவாதமாயிருக்க வேண்டிய இடம் அது.

சொத்தின் கதி இவ்வாறாக, ஆட்களின் கதியைச் சட்டம் இவ்வளவு விஸ்தாரமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. மைனர்களுக்கு 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், இந்து மைனர்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தனிச்சட்டமும் உள்ளன. பின்னது தகப்பனை இயற்கைக் காப்பாளர் என்றும், அவருக்குப் பிறகே தாய் என்றும் கூறுகிறது. கோயம்புத்தூரில் பிறந்த நாவலாசிரியை கீதா ஹரிஹரன், தம் மைனர் மகன் பெயரில் 9 சதவிகித நிவாரணப் பத்திரங்கள் வாங்க 1984-ல் ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தபோது, தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று வங்கி கேட்டது. தாயே காப்பாளராக இருக்க வேண்டுமென்பது தகப்பனாருக்கும் சம்மதமாயிருந்தும் வங்கி அசையவில்லை. 1999-ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள "பிறகு" என்பதைத் தகப்பனின் மரணத்துக்குப் பிறகு என்று கொள்ளாமல், அவர் அக்கறை காட்டாத, அல்லது இருவரும் ஒத்துப் பொறுப்பைத் தாயிடம் விட்ட நிலையையும் தழுவும்படி பொருள்கொண்டு சட்டத்தைக் காப்பாற்றியது. வாசகத்தையே மாற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம். பாராளுமன்றம் அதை இன்னும் செய்யவில்லை.

இயற்கைக் காப்பாளரே ஆனாலும், மைனரின் வீடு நிலத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது; விற்றால், மைனர் வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் கிரயத்தைத் தள்ளிவிடலாம். சித்தப்பாவும் பாட்டியும் அன்பினால் காப்பாளராக நடந்துகொள்ளலாம். ஆனால் அந்த அன்பு ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்க அதிகாரம் தராது. கூட்டுக் குடும்பத்தின் பிரியாத பங்குக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை என்ற விதிவிலக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு, பாகம் பிரிந்தபின் விற்றவர்களும் இருக்கிறார்கள். உயிலில் காப்பாளரை நியமிக்கலாம் என்பதையும் பலர் அறிவர். தகப்பன் தம் தம்பியைக் குறித்து எழுதியிருந்தாலும், தாய் உயிரோடிருக்கும்வரை அந்த நியமனம் உறங்கிக்கொண்டிருக்கும் என்பதையோ, தாயும் தம் உயிலில் வேறொருவரை நியமிக்காமல் மறைந்தால்தான் அது விழிக்கும் என்பதையோ அறிந்தவர் சிலர். ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தகப்பனும் தாயும் தனித்தனியே உயில் எழுதி, காப்பாளரை இருவரும் ஒருமித்துக் குறிப்பதே முறை. அந்தக் காப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதும் உசிதம். செத்தவர் எழுதிவைத்த பொறுப்பைப் பதினாறாம் நாள் கூட்டத்தில் முதல்முறை கேள்விப்படுகிறவர் ஏற்பார் என்பதற்கு நிச்சயமில்லை.

பதினெட்டு வயது நிறைந்த பிறகும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளையின் பெற்றோருக்கு இரவில் தூக்கம் வராத காரணம் ஒன்றே: நாங்கள் போனபின் யார்? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே மனுச் செய்து, தாம் விரும்பும் ஒருவரைக் காப்பாளராக நியமிக்கச் செய்யலாம். நியமனம் பெற்றவர் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். வழக்குச் செலவு இல்லை, வக்கீல்கூடக் கட்டாயமில்லை. இருந்தும் மாவட்டத் தலைநகருக்கு வெளியே இப்படி ஒரு குழு இருப்பதையே கேள்விப்படாத பெற்றோர் அநேகர். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. தாலுகா நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற தொலைபேசி எண்ணிலோ கேட்டால், காப்பாளர் மனுவுக்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் மனுவுக்கும் வழக்கறிஞர் கிடைப்பார். நம் மக்கள் அங்கே ஜீவனாம்சத்துக்குப் போகத் தெரிந்திருக்கிறார்கள். இதற்கும் போகலாம் என்று இன்னும் தெரியவில்லை.

விபத்திலோ பக்கவாதத்திலோ நினைவிழந்து, ஆண்டுக்கணக்கில் கண்மூடிக் கிடக்கும் வயதுவந்தவர்களுக்கோ சட்டமே இல்லை. பவர் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறோம் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்த கணமே சாதாரண அதிகாரப் பத்திரம் ஒப்பந்தச் சட்டப்படி முடிந்துபோகிறது. சில மேல்நாடுகளில் உள்ளதுபோல் மனம் மறைந்தபின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் இந்தியாவில் இல்லை. பழைய 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநலம் குன்றியவரின் சொத்துக்கு நிர்வாகி நியமிக்க ஒரு அத்தியாயமே வைத்திருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சை விஷயத்துக்குப் பிரதிநிதியை ஏற்படுத்திவிட்டுச் சொத்தை மறந்துவிட்டது. கேரள உயர்நீதிமன்றம் 2019-ல், தனக்கென்று பேச இயலாதவருக்குத் தானே தந்தையாக நிற்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, இத்தகைய நோயாளிகளுக்குக் காப்பாளர் நியமிக்க நெறிமுறைகளை வகுத்தது. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மனைவியின் மனுவும் இத்தகையதே. கணவர் கோமாவில், ஆஸ்பத்திரிச் செலவும் பிள்ளைகளும் அவள் தலையில், விற்றுச் செலவுசெய்யக் கூடிய சொத்து கணவர் பெயரில். சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்றது ஒற்றை நீதிபதியின் உத்தரவு. அங்கே போவதற்கு எந்தச் சட்டப் பிரிவும் இல்லாத நிலையில் அவளை அலையவிடுவது தகாது என்று கண்ட இருநீதிபதி அமர்வு, அவளையே காப்பாளராக நியமித்து, விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடும்படி நிபந்தனை விதித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. உத்தரவு நியாயமானதே. ஆனால் அது அவள் ஒருத்திக்குக் கிடைத்த உத்தரவு. அடுத்த படுக்கையில் கிடப்பவரின் மனைவியும், பாராளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றும் வரையில், மருத்துவச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு ரிட் மனுவோடு உயர்நீதிமன்றத்துக்குத்தான் வந்தாக வேண்டியிருக்கிறது.